ஜிகேம்ப்6எஸ்: 10 ஹெர்ட்ஸ் தூண்டுதலில் ஸ்பைக்குகள் பிரிந்து தெரியவில்லை, எல்லாம் ஒரே மேடாக வருகிறது

நியூரான்_தட்டு (கேள்வி)

வணக்கம். எலியின் ஹிப்போகாம்பஸ் நியூரான் கல்ச்சரில் கால்சியம் பதிவு செய்கிறேன். வளர்ப்பின் 6ஆம் நாளில் ஏஏவி வைரஸ் வழியாக ஜிகேம்ப்6எஸ் (கால்சியம் ஏறினால் ஒளி கூடும் புரத சென்சார்; சைனாப்சின் ப்ரோமோட்டர்) கொடுத்து, 15 முதல் 17ஆம் நாளுக்குள் படம் எடுக்கிறேன்.

அமைப்பு: வைட்ஃபீல்டு மைக்ராஸ்கோப், 20 மடங்கு லென்ஸ் (என்.ஏ., அதாவது ஒளி சேகரிக்கும் திறன், 0.75), 470/40 எக்சைட்டேஷன் ஃபில்டர், 525/50 எமிஷன் ஃபில்டர், எல்இடி விளக்கு, எஸ்சிமாஸ் கேமரா. நொடிக்கு 30 ஃபிரேம், எக்ஸ்போஷர் 33 மில்லிசெகண்டு. 1 செ.மீ. இடைவெளியில் இரண்டு பிளாட்டினம் கம்பிகள். 10 வோல்ட், 1 மில்லிசெகண்டு துடிப்பு. அறை வெப்பநிலை.

ஒரே ஒரு துடிப்பு கொடுத்தால் ஏற்றம் தெளிவாக இருக்கிறது. 10 ஹெர்ட்ஸில் 10 துடிப்பு கொடுத்தால் தனித்தனிச் சிகரங்கள் இல்லை. ஒரே மேடு, அடித்தளத்துக்கு இறங்க இரண்டு நொடிக்கு மேல் ஆகிறது. சில செல்களில் நியூக்ளியஸும் சேர்ந்து முழுக்க ஒளிர்கிறது, அவற்றின் பதில் மந்தம். இன்னொன்று: தூண்டுதலே இல்லாத சில பதிவுகளில் சிறிய 10 ஹெர்ட்ஸ் அலை தெரிகிறது. அது தானாக எழும் ஸ்பைக்கா (நியூரானின் சொந்த மின்துடிப்பா)?

எனக்கு வேண்டியது 10 ஹெர்ட்ஸிலாவது ஸ்பைக்குகள் பிரிந்து தெரிவது. முடிந்தால் 20. கேமராவை மாற்ற வேண்டுமா, சென்சாரை மாற்ற வேண்டுமா?

கால்மோடுலின்

முதலில் சென்சார். உங்கள் பதிவில் மூன்று வேகங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன: செல்லுக்குள் கால்சியமே ஏறி இறங்கும் வேகம், சென்சார் அதைப் பிடித்து விடும் வேகம், கேமரா அதைப் படமாக்கும் வேகம். மூன்றில் எது மெதுவோ அதுதான் திரையில் தெரியும். உங்களிடம் இப்போது மெதுவானது சென்சார். கேமராவுக்கு மட்டும் செலவழித்தால் அதே மேடு இன்னும் வழவழப்பாகத் தெரியும், அவ்வளவுதான்.

ஜிகேம்ப் என்பது வெட்டி, முனைகளை மாற்றி இணைத்த பச்சை ஒளிர் புரதம். ஒரு முனையில் கால்மோடுலின், மறுமுனையில் எம்13 பெப்டைடு. கால்சியம் வந்ததும் கால்மோடுலின் எம்13-ஐச் சுற்றிக்கொள்கிறது, ஒளிரும் மையத்துக்கு நீர் புகும் வழி அடைபடுகிறது, ஒளி கூடுகிறது. ஜுனிச்சி நக்காய் குழு 2001இல் கொடுத்த இந்த அமைப்பு 6 வரிசை வரை அடிப்படையில் மாறவில்லை. கால்சியம் போன பிறகு இந்தப் பிடி அவிழ எடுக்கும் நேரம்தான் உங்கள் மேட்டின் நீண்ட வால்.

எண்களைப் பாருங்கள். 2013இல் 6 வரிசை வெளியானபோது சுண்டெலியின் பார்வைக் கார்ட்டெக்ஸில் ஒற்றை ஸ்பைக்குக்கு அளந்தவை: 6எஸ் உச்சம் தொட சுமார் 180 மில்லிசெகண்டு, பாதியாக இறங்க சுமார் 550. அதே வரிசையின் வேகமான வடிவமான 6எஃப் உச்சம் தொட சுமார் 45, பாதியாக இறங்க சுமார் 140. இவை உடல் வெப்பநிலையில். அறை வெப்பநிலையில் இரண்டுமே இன்னும் மெதுவாகும்.

10 ஹெர்ட்ஸ் என்றால் துடிப்புகளுக்கு நடுவே 100 மில்லிசெகண்டு. அதற்குள் 6எஸ் இழப்பது ஒளிர்வு ஏற்றத்தில் 12% மட்டுமே. மீதி 88% மேல் அடுத்த ஸ்பைக் ஏறி உட்காரும். அதுவும் அடுத்த துடிப்பு வரும்போது 6எஸ் தன் உச்சத்தையே தொட்டிருக்காது. சிகரம் எங்கிருந்து பிரியும்? 6எஃப் அதே இடைவெளியில் கிட்டத்தட்ட 39% இழக்கும், ஆகவே 10 ஹெர்ட்ஸில் பல் பல்லாகத் தெரியும். 20 ஹெர்ட்ஸில் அதுவும் 22% தான் இறங்கும். சிகரங்கள் தனித்தனியாகத் தெளிவாக வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

20 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் 2023இல் வந்த ஜேஜிகேம்ப்8 வரிசைக்குப் போங்கள். அதில் எம்13-க்குப் பதில் எண்டோதீலியல் நைட்ரிக் ஆக்சைடு சிந்தேஸின் பெப்டைடு இருக்கிறது. பாதி ஏற்றம் சுமார் 2 மில்லிசெகண்டு அளவுக்கு வந்துவிடும். வேகமாக இறங்குவது 8எஃப். ஆனால் ஒற்றை ஸ்பைக்குக்கு 8எம் கொடுக்கும் ஒளிர்வு மாற்றம் 8எஃப்-ஐ விடப் பெரியது, வேகமும் அதிகம் குறைவதில்லை. வைட்ஃபீல்டில் பின்னணி ஒளி கூடுதலாக இருப்பதால் உங்களுக்கு நான் 8எம் தான் சொல்வேன். 8எஸ்-ன் ஏற்றம் வேகம்தான், இறக்கம் மெதுவு. 8 வரிசை என்ற பெயரை மட்டும் நம்பி வாங்கிவிடாதீர்கள்.

ஒளிவழி

அந்த 10 ஹெர்ட்ஸ் அலை ஸ்பைக் இல்லீங்க, பெரும்பாலும் அறை விளக்கு. நம்ம ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால குழல்விளக்கும் மலிவான எல்இடி விளக்கும் நொடிக்கு 100 தடவை மினுக்கும். நீங்க 30 ஃபிரேம் எடுக்கறீங்க. மூணு மடங்கு 90; 100-லிருந்து 90 போனா 10. மினுக்கல் மடிஞ்சு சரியா 10 ஹெர்ட்ஸ்ல வந்து நிக்குது. நீங்க தூண்டறதும் 10 ஹெர்ட்ஸ்ங்கறதால இது ரொம்ப ஆபத்து. சிகரமே வராத சென்சார்ல சிகரம் வந்த மாதிரி காட்டிடும்.

சோதிக்கறது சுலபம். எக்சைட்டேஷன் ஷட்டரை மூடிட்டு அறை விளக்கோட ஒரு பதிவு எடுங்க. அலை இருந்தா வெளிவெளிச்சம் உள்ளே கசியுது. கறுப்புத் துணி, இல்லேன்னா மைக்ராஸ்கோப்பைச் சுத்திப் பெட்டி. கணினித் திரையையும் திருப்பி வைங்க. ஷட்டர் மூடினதும் அலை போயிட்டா, உங்க எல்இடியோட பவர் சப்ளையே ஆடுது. அப்ப செல் இல்லாத இடத்துலயும் அதே விகிதத்துல அலை தெரியும். செல்லுல மட்டும் தெரிஞ்சு, டெட்ரோடோடாக்சின் (ஸ்பைக்கையே நிறுத்தற நச்சு) 1 மைக்ரோமோலார் போட்டதும் போனாத்தான் அதை ஸ்பைக்னு சொல்லலாம்.

தற்காலிக வைத்தியம்: ஃபிரேம் வேகத்தை 30-லயே வச்சு எக்ஸ்போஷரை 33-லிருந்து 30 மில்லிசெகண்டு ஆக்குங்க. 30 மில்லிசெகண்டுல மினுக்கல் மூணு முழுச் சுற்று, கூட்டினா சமமாயிடும். 33-ல மூணே கால் சுற்று சொச்சம், மிச்சம் அலையா வரும். 100 ஃபிரேம், 10 மில்லிசெகண்டு எக்ஸ்போஷர் வச்சாலும் இதே காரணத்தால அலை அடங்கிடும்.

வேகத்துக்கு வருவோம். 6எஃப்-க்கு 100 ஃபிரேம் போதும். 8 வரிசைக்கு 200-க்குக் கீழ போனா ஏற்றத்தோட வடிவம் கிடைக்காது, உச்சமும் சராசரியாகித் தாழ்ந்து போகும். எஸ்சிமாஸ் கேமராவுல வேகத்தைத் தீர்மானிக்கறது வரிசைகளோட எண்ணிக்கை, அகலம் இல்லை. 2048 வரிசைக்கு 100 ஃபிரேம் தர்ற கேமரா நடுவுல 512 வரிசை மட்டும் எடுத்தா ஏறத்தாழ 400 தரும். நிறைய பேர் பிக்சலை 2க்கு 2 சேர்த்தா வேகம் கூடும்னு நினைக்கறாங்க. இந்தக் கேமராக்கள்ல அது கோப்போட அளவைத்தான் குறைக்கும்.

கோப்புன்னதும் ஒண்ணு. முழுச் சட்டகம், 16 பிட், 100 ஃபிரேம்னா நொடிக்கு 840 மெகாபைட் ஓடும். சாதாரண ஹார்ட் டிஸ்க் தாங்காது, நடுவுல ஃபிரேம் விழும், மென்பொருள் அதைச் சத்தமில்லாம விட்டுடும். 512க்கு 512, 200 ஃபிரேம்னா 105 மெகாபைட். எஸ்எஸ்டியில எழுதுங்க. பதிவு முடிஞ்சதும் ஒவ்வொரு ஃபிரேமோட நேரமுத்திரையை எடுத்து அடுத்தடுத்த வித்தியாசத்தைப் பாருங்க. ஒண்ணாவது இரட்டிப்பா இருந்தா அந்தப் பதிவை நேரக் கணக்குக்கு எடுக்காதீங்க.

வேகத்தைக் கூட்டினா ஒளி குறையும், சத்தம் கூடும். ஒரு பிக்சலுக்கு ஒரு ஃபிரேம்ல 100 ஃபோட்டான்னு வச்சுக்குங்க. 400 பிக்சல் சேர்ந்த செல்லுல 40,000. அதோட வர்க்கமூலம் 200, அதாவது 0.5% சத்தம். அதே விளக்கு, பத்துல ஒரு பங்கு எக்ஸ்போஷர்னா 4,000 ஃபோட்டான், 1.6%. ஒற்றை ஸ்பைக் 20% மாத்தம் தந்தா இது பிரச்சினையே இல்லை. டென்ட்ரைட்ல 30 பிக்சல்தான் கிடைக்கும்னா அங்கதான் கஷ்டம். அதுக்காக எல்இடியை முழுசாத் திறந்துடாதீங்க, சாயம் வெளுத்து அடித்தளம் சரியும். என்.ஏ. அதிகமான லென்ஸ் போடுங்க. 40 மடங்கு, 1.3 எண்ணெய் லென்ஸ் உங்க 0.75-ஐ விட மூணு மடங்கு ஒளியைச் சேகரிக்கும்.

வளர்தட்டு

நியூக்ளியஸ் ஒளிரும் செல்களைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். ஆரோக்கியமான செல்லில் ஜிகேம்ப் சைட்டோபிளாசத்தில் நின்று, நியூக்ளியஸ் கறுப்பு வட்டமாகத் தெரியும். நிரம்பி ஒளிர்ந்தால் சென்சார் அளவுக்கு மீறி உற்பத்தியாகியிருக்கிறது, அல்லது செல் நலிந்திருக்கிறது. மெதுவான, சிறிய பதில் அதன் அடையாளம். ஜிகேம்பில் உள்ள கால்மோடுலின் எல்-வகைக் கால்சியம் சேனல்களின் இயக்கத்தையே குழப்புகிறது என்று 2018இல் காட்டினார்கள். அதைத் தவிர்க்கத்தான் ஜிகேம்ப்-எக்ஸ் என்ற வடிவம் வந்தது.

அளவுக்கு மீறிய சென்சார் வேகத்தையும் கெடுக்கிறது. இதைப் பலர் கவனிப்பதில்லை, ஆனால் உங்கள் இரண்டு நொடி வாலில் இதற்கும் பங்கு இருக்கும். சென்சார் கால்சியத்தைப் பார்க்க மட்டும் செய்வதில்லை, பிடித்தும் வைத்துக்கொள்கிறது. நியூரானின் சொந்தப் பிடிமானத் திறன் சுமார் 100 என்று கொள்வோம்: ஓர் அயனி சுதந்திரமாக இருந்தால் நூறு பிடிபட்டிருக்கும். 6எஸ் 50 மைக்ரோமோலார் இருந்து, ஒரே இணைப்பிடம் என்று எளிமையாக்கிக் கணக்கிட்டால், ஓய்வு நிலையில் அது இன்னொரு 120 சேர்க்கும். கால்சியம் வெளியேறும் காலம் இரட்டிப்பாகிவிடும். 10 மைக்ரோமோலார் என்றால் கூடுவது 24 மட்டும்.

ஆகவே வைரஸைக் குறையுங்கள். அதே தொகுதி வைரஸை 1:1, 1:3, 1:10, 1:30 என்று நீர்த்து நான்கு தட்டுகளில் கொடுத்து, ஒரே நாளில், ஒரே விளக்கு அளவில் ஒற்றைத் துடிப்புப் பதிவு எடுங்கள். அடித்தள ஒளிர்வு குறையக் குறைய இறக்கம் வேகமானால் நீங்கள் அளந்துகொண்டிருந்தது பாதி உங்கள் சென்சாரையே. இறக்க நேரம் மாறாமல் நிற்கும் நீர்ப்பைத் தேர்ந்தெடுங்கள், படம் மங்கலாக இருந்தாலும்.

அடுத்து, கல்ச்சரில் நியூரான்கள் ஒன்றையொன்று தூண்டும். நீங்கள் 10 துடிப்பு கொடுத்தால் செல் 10 ஸ்பைக்தான் எழுப்பியது என்று சொல்ல முடியாது. சிஎன்கியூஎக்ஸ் 10 மைக்ரோமோலார், ஏபி5 50 மைக்ரோமோலார் சேர்த்துச் சைனாப்ஸ்களை அடக்கிவிட்டுத் தூண்டுங்கள். மருந்தைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ 0.1%க்கு மேல் போகவேண்டாம். பதிவுக் கரைசல்: சோடியம் குளோரைடு 145, பொட்டாசியம் குளோரைடு 2.5, கால்சியம் குளோரைடு 2, மெக்னீசியம் குளோரைடு 1, ஹெப்பெஸ் 10, குளுக்கோஸ் 10 (எல்லாம் மில்லிமோலார்), பிஹெச் 7.4. உங்கள் வளர்ப்பு ஊடகத்தின் ஆஸ்மோலாரிட்டியை அளந்து ஒப்பிடுங்கள். ஊடகம் மிகத் தாழ்வாக இருந்தால் சோடியம் குளோரைடைக் குறைத்துச் சமப்படுத்துங்கள், இல்லையெனில் கரைசலை மாற்றியதும் செல்கள் சுருங்கி ஃபோகஸ் நகரும். ஃபீனால் ரெட் உள்ள ஊடகத்தில் படம் எடுக்கவே வேண்டாம், பின்னணி ஏறும்.

10 வோல்ட் என்று பிடிவாதமாக இருக்காதீர்கள். 5 வோல்ட்டில் தொடங்கி ஒவ்வொரு வோல்ட்டாக ஏற்றி, பதில் முழுதாக வரும் இடத்தைக் கண்டு, அதற்கு 20% மேலே நிறுத்துங்கள். மிகையானால் சவ்வில் ஓட்டை விழுந்து கால்சியம் நேராக உள்ளே வரும்; அந்தப் பதில் டெட்ரோடோடாக்சினுக்கு அடங்காது, அடித்தளத்துக்கும் திரும்பாது. கம்பியில் குமிழ் தெரிந்தால் மின்னழுத்தமோ துடிப்பு நீளமோ அதிகம்.

ஒரு கட்டுப்பாட்டுத் தட்டு அவசியம்: வெறும் பச்சை ஒளிர் புரதம் மட்டும் உள்ள செல்கள், அதே தூண்டுதல். அதிலும் ஒளிர்வு அசைந்தால் அது அமிலத்தன்மை மாற்றமோ செல் அசைவோ, கால்சியம் அல்ல.

நியூரான்_தட்டு

மிக்க நன்றி. ஷட்டரை மூடி எடுத்த பதிவிலும் அலை அப்படியே இருக்கிறது, ஆக அறை விளக்குதான். 8எம் வரவழைக்கிறேன், வைரஸ் நீர்ப்பும் செய்கிறேன்.

இன்னும் இரண்டு கேள்விகள். கைவசம் இருக்கும் 6எஸ் பதிவுகளிலிருந்து கணக்கீட்டு முறையில் ஸ்பைக்குகளைப் பிரித்தெடுக்க முடியுமா? ஓயாசிஸ் போன்ற மென்பொருள்கள் இருக்கின்றனவே. அடுத்து, வழிகாட்டி கால்சிய அளவை நானோமோலாரில் கேட்கிறார். அயனோமைசின் (கால்சியத்தைச் செல்லுக்குள் கடத்தும் மருந்து) போட்டு அளவுகோல் எடுத்தால் சரியா?

கால்மோடுலின்

இரண்டுக்கும் ஒரே தடை: ஜிகேம்ப் நேர்விகிதத்தில் ஒளிர்வதில்லை. தூய புரதத்தில் 6எஸ் பாதி நிறைவது 144 நானோமோலாரில், ஹில் எண் (பதில் எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்பதன் அளவு) சுமார் 2.9. ஓய்வில் 100 நானோமோலார் என்றால் 26% நிறைந்திருக்கும். 200க்குப் போனால் 72%. 400க்குப் போனால் 95%. முதல் இரட்டிப்பில் பெரும் பாய்ச்சல், இரண்டாவதில் கூரை இடிக்கிறது. 6எஃப்-க்கு 375 நானோமோலார், 2.3, அதே மூன்று அளவுகளில் 5%, 19%, 54%. உங்கள் 10 துடிப்பு மேட்டின் உச்சியில் 6எஸ் ஏற்கெனவே நிறைந்துவிட்டிருந்தால் அங்கே எந்தத் தகவலும் இல்லை. இல்லாததைக் கணக்கீடு மீட்டுத் தராது.

நானோமோலார் வேண்டுமென்றால் ஃபியூரா-2 என்ற கால்சியச் சாயம்தான் சரியான வழி. 340, 380 நானோமீட்டர் விகிதம் எடுப்பதால் சென்சாரின் அளவு கணக்கில் வராது. ஜிகேம்ப் இல்லாத சகோதரத் தட்டில் செய்யுங்கள். கால்சியம் பிடிக்காத ஜிகேம்ப் 400 நானோமீட்டரை ஒட்டி ஒளியை உறிஞ்சுவதால், ஒரே செல்லில் இரண்டும் இருந்தால் 380 அளவு கெடும். லென்ஸ் 340-ஐ உள்ளே விடுகிறதா என்றும் பாருங்கள், பல அப்போக்ரோமட் லென்ஸ்கள் விடாது. சாயத்தின் செல்லுக்குள் புகும் ஏஎம் வடிவம் 2 முதல் 5 மைக்ரோமோலார், ப்ளூரானிக் 0.02%, 30 நிமிடம் ஏற்றி, கழுவி, இன்னொரு 20 முதல் 30 நிமிடம் விடுங்கள்.

வளர்தட்டு

அயனோமைசின் அளவுகோலை முற்றிலும் தள்ள வேண்டாம் என்பது என் கருத்து. நானோமோலாருக்காக அல்ல, நிறைவு எங்கே என்று தெரிந்துகொள்ள. பதிவு முடிந்ததும் அதே செல்லில் அயனோமைசின் 5 மைக்ரோமோலார், கால்சியம் 10 மில்லிமோலார் கொடுத்தால் உச்ச ஒளிர்வு கிடைக்கும். உங்கள் மேடு அதில் 80%க்கு மேல் நிற்கிறதென்றால் அந்தப் பதிவை உச்ச ஒப்பீட்டுக்குப் பயன்படுத்தக் கூடாது. ஓரிரு நிமிடத்தில் செல் வீங்கத் தொடங்கும், அதற்குள் எடுத்துவிடுங்கள். கீழ்முனைதான் நம்பத் தகாதது: கால்சியத்தைப் பிடித்து நீக்கும் ஈஜிடிஏ 5 மில்லிமோலாரில் 6எஸ் மிக மங்கல், அந்த எண்ணில் பெரும்பங்கு நீங்கள் எப்படிப் பின்னணியைக் கழித்தீர்கள் என்பதுதான்.

தூய புரதத்தில் நீங்களே வளைகோடு போட நினைத்தால் ஈஜிடிஏ பஃபரின் பிஹெச்சை உயிராகப் பாருங்கள். 0.1 தவறினாலே கட்டற்ற கால்சியம் 1.6 மடங்கு மாறிவிடும்.

ஒளிவழி

டீகன்வல்யூஷன் (மேட்டிலிருந்து ஸ்பைக்குகளைக் கணக்குப் போட்டுப் பிரிக்கறது) பத்தி: 6எஸ்-ல நான் வேண்டாம்பேன், ஆனா 8எம் வந்ததும் செய்யலாம். ஓயாசிஸ் ஒவ்வொரு ஸ்பைக்கும் ஒரே அச்சுன்னும், ஒண்ணுமேல ஒண்ணு நேராக் கூடும்னும் எடுத்துக்குது. அது உங்க தட்டுல உண்மையான்னு முதல்ல பாருங்க. ஒரே செல்லுல 1, 2, 3, 5 துடிப்புக்குப் பதிவு எடுங்க. ஒற்றைத் துடிப்போட வளைவை 50 மில்லிசெகண்டு தள்ளித் தள்ளிக் கூட்டி, நிஜப் பதிவுமேல வையுங்க. நிஜம் மேல போனா ஹில் எண்ணோட விளைவு, கீழ போனா நிறைவு. ரெண்டும் பொருந்தற எல்லைக்குள்ளதான் ஸ்பைக் எண்ணிக்கை சொல்லலாம்.

20 ஹெர்ட்ஸ்ல செல் உடலை விட டென்ட்ரைட்டைப் பாருங்க. மெல்லிய கிளையில கொள்ளளவு குறைவு, சவ்வுப் பரப்பு அதிகம். கால்சியமே அங்க சீக்கிரம் வடியுது. செல் உடல்ல சென்சார் எவ்வளவு வேகமா இருந்தாலும் கால்சியம் மெதுவாத்தான் இறங்கும், அந்த எல்லையை எந்தப் புரதமும் தாண்டாது. தட்டை 32 முதல் 35 டிகிரிக்குச் சூடாக்கினாலும் கால்சியம், சென்சார் ரெண்டோட இறக்கமும் வேகமாகும்.

கடைசியா, செல்லுக்குச் செல் நேர வித்தியாசம் பார்க்கப் போறீங்கன்னா: எஸ்சிமாஸ் கேமரா எல்லா வரிசையையும் ஒரே கணத்துல படிக்காது. ஒரு வரிசைக்குச் சுமார் 10 மைக்ரோசெகண்டு. பல கேமராக்கள் நடுவிலிருந்து மேலயும் கீழயுமா ஒரே சமயத்துல படிக்கும். 2048 வரிசைன்னா நடுவுல இருக்கற செல்லுக்கும் ஓரத்துல இருக்கற செல்லுக்கும் 10 மில்லிசெகண்டு தள்ளிப்போகும். 8 வரிசையோட 2 மில்லிசெகண்டு ஏற்றத்துக்கு முன்னால இது பெரிய பொய். ஒவ்வொரு செல்லோட மைய வரிசை நடுவிலிருந்து எத்தனையாவதுன்னு எடுத்து, அதை 10 மைக்ரோசெகண்டால பெருக்கி, அந்த செல்லோட நேரத்துல கூட்டுங்க. தூண்டுதலை மென்பொருள்ல தொடங்காம, கேமராவோட எக்ஸ்போஷர் டிடிஎல் சிக்னலால (ஃபிரேம் தொடங்கறப்ப கேமரா அனுப்பற மின்துடிப்பு) தொடங்குங்க. ரெண்டு சிக்னலையும் ஒரே டாக் கார்டுல (சிக்னலைக் கணினியில பதியற அட்டை) 10 கிலோஹெர்ட்ஸ்ல பதிவு பண்ணி வச்சுக்குங்க.